வீட்டில் விழுங்கும் பிஸ்கட்டை வெளியே சீண்டாத நாய்: எதைக் கொடுப்பது?

மார்ச் 2, காலை (வந்த கேள்வி)

"எட்டு மாத ஆண் நாய். வீட்டுக்குள் 'உட்கார்' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்துவிடுகிறான். கூலி ஒரு நாய் பிஸ்கட். வாசலைத் தாண்டிவிட்டால் அதே பிஸ்கட்டை மூக்கருகே நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பிடிவாதமா, திமிரா? எதைக் கொடுத்தால் வெளியிலும் சொன்னதைக் கேட்பான்?"

மார்ச் 2, இரவு

பிடிவாதமும் இல்லை, திமிரும் இல்லை. கூலி போதவில்லை. வீட்டுக்குள் அந்தப் பிஸ்கட்டுக்குப் போட்டியே கிடையாது. தினமும் பார்த்துச் சலித்த நாற்காலி, சலித்த சுவர், சலித்த நீங்கள். வெளியே ஒவ்வொரு கம்பத்தடியிலும் ஊர் நாய்கள் அத்தனையும் சேதி விட்டுச் சென்றிருக்கின்றன. அதை வரி விடாமல் படித்துக்கொண்டிருப்பவனிடம் காய்ந்த மாவுக்கட்டியை நீட்டினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஈரலுக்கு மாறுங்கள். கோழி ஈரலை வேகவைத்து நீரை வடித்து, ஒரு முட்டை, கொஞ்சம் மாவு, ஒரு சிட்டிகை பூண்டுப் பொடி சேர்த்து அரைத்து, தட்டில் பரப்பிச் சுட்டு எடுங்கள். ஆறியதும் கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டலாம். எங்கள் வீட்டு மிளகு (கறுப்பு, பெண், ஆறு வயது, 14 கிலோ) இதற்காகச் சொத்தை எழுதிக் கொடுப்பாள். உங்கள் பிரச்சினை ஒரு வாரத்தில் தீரும்.

(பின்னர் சேர்த்தது: பூண்டுப் பொடி வேண்டாம். மார்ச் 10 குறிப்பைப் படிக்காமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.)

மார்ச் 3

அளவைச் சொல்ல மறந்துவிட்டேன். கட்டைவிரல் நகம் அளவு. மென்மையாக இருக்க வேண்டும். பிஸ்கட்டின் பெரிய குறை அதுதான். நாய் அதைக் கடித்து நொறுக்கி, கீழே சிந்திய தூளையெல்லாம் தேடித் தேடி நக்கி முடிப்பதற்குள் எதற்காகக் கொடுத்தீர்கள் என்பது உங்களுக்கே மறந்துவிடும். வாயில் போட்டதும் தொண்டைக்குள் போய்விட வேண்டும், கண் மறுபடியும் உங்கள் மேல் வர வேண்டும்.

மார்ச் 5

"எல்லா நாய்க்கும் ஈரல் பிடிக்கும் என்று யார் சொன்னது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் ஒரு நாயை வைத்துக்கொண்டு உலகத்து நாய்களுக்கெல்லாம் விருந்து பரிமாறிக்கொண்டிருந்தேன்.

எனவே நேற்று மாலை சோதனை வைத்தேன். இரண்டு உள்ளங்கைகளில் இரண்டு பண்டம், இரண்டையும் ஒரே உயரத்தில் நீட்டுவது, முதலில் எதை எடுக்கிறாள் என்று குறித்துக்கொள்வது. ஈரல், கோழி நெஞ்சுக்கறி, சீஸ், அவித்த முட்டை, பிஸ்கட், கேரட் என ஆறு வகை. சோடி சோடியாக நடத்திப் பார்த்ததில் அதிர்ச்சியான முடிவு வந்தது: மிளகுக்கு உலகிலேயே மிகவும் பிடித்த உணவு, என் இடது கையில் இருக்கும் உணவு. ஈரலை வலக்கையிலும் கேரட்டை இடக்கையிலும் வைத்தால் கேரட்டை எடுத்து மென்றுகொண்டே ஈரலைப் பார்க்கிறாள். நடை போகும்போது கயிறு எப்போதும் என் வலக்கையில். தீனி வருவது இடக்கையிலிருந்து. ஆறு வருடப் பழக்கம்.

இன்று ஒவ்வொரு சோடியையும் ஆறு முறை வைத்தேன். மும்முறை கை மாற்றி. இப்போது வரிசை கிடைத்தது: ஈரல், கோழி, சீஸ், முட்டை, கேரட், பிஸ்கட். ஆம், கேரட்டுக்கும் கீழே பிஸ்கட். அந்தப் பையை நான் வாங்கியதே பொட்டலத்தின் மேலிருந்த நாய் சிரித்துக்கொண்டிருந்ததால்தான்.

மார்ச் 6

வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு அதே சோதனையை வைத்தேன். சீஸ் முதலிடம், ஈரல் மூன்றாமிடம். நேற்று எழுதிய வரிசையைக் கல்வெட்டு என்று நினைத்தேன், கரும்பலகை.

மார்ச் 6, சற்றுக் கழித்து

இன்னொன்று. ஈரலை நேராகக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் மதிப்பு குறைகிறது. கையில் வைத்துச் சூடேற்றிக் கொடுத்தால் ஏறுகிறது. நமக்கு நாக்கில் ஏறத்தாழ 9,000 சுவை மொட்டுகள், நாய்க்கு 1,700 என்று சொல்வார்கள். அவளுக்குத் தேர்வு நடப்பதே மூக்கில்தான். குளிர்ந்த பண்டம் மணப்பதில்லை. மிளகு ஒரு துண்டை எடுப்பதற்கு முன் மூக்கின் ஓரப் பிளவுகள் இரண்டு மூன்று முறை சட்சட்டென்று அசைவதைக் கவனித்தேன். முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது. வாய் திறப்பது வெறும் கையெழுத்து.

மார்ச் 9

"ஒரு நாளைக்கு எத்தனை கொடுக்கலாம்?" இதற்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு, ஏனென்றால் நான் தவறியவன். மூன்று வருடத்துக்கு முன் 'வா' என்றால் வரும் பயிற்சியில் மும்முரமாக இருந்த ஒரே பருவத்தில் மிளகு 14 கிலோவிலிருந்து 16 கிலோவானாள். கால்நடை மருத்துவர் அவள் விலாவில் கை வைத்து, எலும்பைத் தேடுவது போலக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குப் பிறகுதான் கணக்குப் போடக் கற்றேன்.

கைக்கணக்கியில் கிலோ எடையைத் தன்னோடு மும்முறை பெருக்குங்கள்: 14 × 14 × 14 = 2,744. அதற்கு வர்க்கமூலத்தை இருமுறை அழுத்துங்கள்: 7.24. அதை 70ஆல் பெருக்கினால் சுமார் 507 கலோரி. சும்மா படுத்திருந்தாலே உடல் ஓட இவ்வளவு வேண்டும். கருத்தடை செய்த, வளர்ந்த, சாதாரணமாக ஓடியாடும் நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்குவது வழக்கம், 810 வருகிறது. இதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக்கூடாது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. ஆக மிளகுக்கு 81 கலோரி. எண்ணெய் சேர்க்காமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு 165 கலோரி என்றால் சுமார் 49 கிராம். செடார் போன்ற கெட்டிச் சீஸ் என்றால் 20 கிராமில் முடிந்தது. கேரட் என்றால் 200 கிராம், அதை அவளே தின்ன மாட்டாள். கேள்வி கேட்டவருக்கு: உங்களுடையவன் வளரும் குட்டி, அவனுக்கு மொத்தத் தேவை இதைவிடக் கூடுதல், 1.6ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கேதான் மார்ச் 3 குறிப்பு கவிழ்கிறது. கட்டைவிரல் நகம் அளவில் வெட்டிய கோழித் துண்டுகளைத் தராசில் வைத்தேன், ஒன்று 3 கிராம். பதினாறு துண்டில் நாள் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். பதினாறு முறை உட்காரவைப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பட்டாணியைவிடச் சிறியதாக வெட்டினால் இருபது துண்டு 10 கிராம். ஏறத்தாழ நூறு முறை கொடுக்கலாம். மிளகுக்குப் பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் முகத்தில் வேறுபாடே தெரியவில்லை. எத்தனை முறை வாய்க்கு வந்தது என்பதைத்தான் அவள் எண்ணுகிறாள், எவ்வளவு வந்தது என்பதையல்ல. என் குடும்பத்தில் சம்பளத்தைப் பார்த்து அப்படிப் பேசியவர் எவரும் கிடையாது.

கொடுத்ததை இரவுச் சாப்பாட்டிலிருந்து கழித்துவிடுங்கள். நான் அன்று செய்யத் தவறியது அதைத்தான்.

மார்ச் 10

திட்டு வாங்கினேன், வாங்க வேண்டியதுதான். பூண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையில் கொண்டுபோய்விடும். ஒரு சிட்டிகையால் என்ன ஆகிவிடும் என்று வாதாட நேற்று இரவு உட்கார்ந்தேன். பிறகு பொடி என்பது காயவைத்துச் செறிவாக்கியது, எடைக்கு எடை பச்சைப் பூண்டைவிட வீரியம் அதிகம் என்பது உறைத்தது. எழுந்துவிட்டேன். பழைய சமையல் குறிப்புகளில் பூண்டு இருப்பது நமக்கு மணக்க வேண்டும் என்பதற்காக. நாய்க்கு ஈரலின் மணத்துக்கு மேல் எந்த அலங்காரமும் வேண்டாம்.

பேச்சு வந்ததால் மற்றவையும். திராட்சை, உலர்திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்பது நாய்க்கு நாய் மாறுவதால் ஒன்றுகூடக் கொடுக்காமல் இருப்பதே சரி. சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின் நாய் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். கறுப்பு சாக்லேட் மிக மோசம். மக்காடமியாக் கொட்டை ஆகாது. வேகவைத்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளக்கும். எல்லாவற்றிலும் கள்ளத்தனமானது சைலிட்டால் என்ற இனிப்பூட்டி. சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும், சில வேர்க்கடலை வெண்ணெய்களிலும் இருக்கும். நாயின் இரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கும், ஈரலையும் தாக்கும். பாட்டிலின் பின்பக்கச் சிறு எழுத்தைப் படிக்காமல் வேர்க்கடலை வெண்ணெயை நக்கக் கொடுக்காதீர்கள். இவற்றில் எதையாவது தின்றுவிட்டால் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஈரலையும் தினமும் குவிக்கக்கூடாது. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். நாள்பட்டு அளவு மீறினால் எலும்பைப் பாதிக்கும். ஆக, மார்ச் 2 இரவில் நான் எழுதியதில் முட்டையும் மாவும் மட்டும் இன்னும் நிற்கின்றன.

மார்ச் 11

மாவும் போச்சு. ஒருவருடைய நாய்க்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாதாம். 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் மாட்டிறைச்சி 34, பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13 சதவீதம் என்று இருக்கிறது. ஒவ்வாமை இருக்கும் நாய்களுக்குள்தான் இந்தக் கணக்கு, எல்லா நாய்களுக்கும் அல்ல. ஓயாமல் காலை நக்கி, காதைச் சொறியும் நாய் என்றால் புதுப் பண்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு அறிமுகப்படுத்துங்கள். ஆறையும் ஒரே மாலையில் நீட்டிய என்னைப் பின்பற்ற வேண்டாம்.

மார்ச் 14

விஷயத்துக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். சட்டைப் பையில் ஈரலை மறந்துவிட்டுத் துவைக்கும் எந்திரத்தில் போட்டுவிட்டேன். வீட்டில் இரண்டு நாளாக எனக்கு மரியாதை இல்லை. மிளகு மட்டும் என்னை முன்னெப்போதையும்விட நேசிக்கிறாள். அலுவலகம் போகும் உடையில் என் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு நகர மறுக்கிறாள்.

இடுப்பில் கட்டும் சிறு பை வாங்கிவிட்டேன். கழுவ முடிகிற பையாகப் பார்த்து வாங்குங்கள்.

மார்ச் 15

"ஈரலுக்குப் பழக்கிவிட்டேன், இப்போது வீட்டுக்குள்ளும் பிஸ்கட்டைத் தொடுவதில்லை" என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். என் கைங்கர்யம்.

இது குரங்கிடம் 1928இலேயே பார்க்கப்பட்ட விஷயம். டிங்கிள்பா என்ற உளவியலாளர் குரங்கின் கண் முன்னே வாழைப்பழத்தை மூடி வைத்து, அது பார்க்காத நேரத்தில் எடுத்துவிட்டுக் கீரை இலையை வைத்தார். மற்ற நாட்களில் அந்த இலையைத் தின்னும் குரங்கு, அன்று மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பழத்தைத் தேடி, சில சமயம் ஆளைப் பார்த்துக் கத்திவிட்டு, இலையைத் தொடாமலே போய்விட்டது. 1942இல் கிரெஸ்பி எலிகளிடம் இதையே ஓட்டத்தில் அளந்தார். பெரிய பரிசிலிருந்து சிறிய பரிசுக்கு இறக்கப்பட்ட எலி, முதலிலிருந்தே சிறிய பரிசு வாங்கிவந்த எலியைவிட மெதுவாக ஓடியது.

ஆகவே ஈரலை வீட்டுக்குள் செலவழிக்காதீர்கள். வீட்டில் அவனுடைய வழக்கமான சாப்பாட்டிலிருந்தே ஒரு பிடி எடுத்துக் கொடுங்கள். ஈரல் கடினமான இடத்துக்கு, அல்லது அவன் எதையோ துரத்தப் போய்விட்டு உங்கள் குரலுக்குத் திரும்பி வந்த அந்த ஒரு தருணத்துக்கு. ஒரே பையில் இரண்டையும் போட்டுக் குலுக்கினால் பிஸ்கட்டும் ஈரல் மணம் பிடித்துக்கொள்ளும்; இடைப்பட்ட நாட்களுக்கு இது நல்ல வழி. ஏமாற்று வேலைதான்.

மார்ச் 18

பக்கத்து வீட்டு லாப்ரடார் எதைக் கொடுத்தாலும் எங்கும் எப்போதும் கேட்கிறதே, பயிற்சி அருமை என்று அந்த வீட்டுக்காரர் சொல்கிறாராம். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் போம்க் என்ற மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருப்பதைக் கண்டார்கள். 'போதும்' என்ற உணர்வோடு தொடர்புடைய மரபணு அது. காணாமல் போனவை எடை கூடியும், உணவின் மேல் தீராத நாட்டத்தோடும் இருந்தன. அந்த வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல வேண்டாம், நல்ல மனிதராக இருப்பார்.

மார்ச் 21

கேள்வி கேட்டவரின் இன்றைய கடிதத்தில் ஒரு வரி: "சாலையோரம் ஈரலை வாயில் வைத்தேன், அப்படியே வழிந்து கீழே விழுந்தது."

பத்தொன்பது நாளாக நான் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மிளகு கால்நடை மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் இதைச் செய்வாள். சொத்தை எழுதிக் கொடுப்பாள் என்றேனே, அந்த ஈரலேதான். உதட்டில் படும், நாக்கு அசையாது, தரையில் விழும், அவள் அதைப் பார்க்கவும் மாட்டாள். காது பின்னுக்கு ஒட்டியிருக்கும், வாய் இறுக மூடியிருக்கும், கண்ணின் வெள்ளை தெரியும். பிடிக்காததால் அல்ல. பயத்தில் வயிறு கடையை மூடிவிடுகிறது. அங்கே ஈரலுக்குப் பதில் பொன்னைக் கொடுத்தாலும் அவ்வளவுதான்.

எனவே பண்டத்தை மாற்றாதீர்கள், தூரத்தை மாற்றுங்கள். சாலையிலிருந்து முப்பது அடி எடுத்துவைத்துப் பின்னால் வாருங்கள். தின்னவில்லையா, இன்னும் முப்பது. எங்கே வாங்கித் தின்கிறானோ அங்கேதான் பாடம். வாங்கும் விதத்தையும் பாருங்கள். வழக்கமாக உதட்டால் மெல்ல எடுப்பவன் விரலோடு சேர்த்துக் கவ்வினால் பதற்றம் ஏறுகிறது என்று பொருள். என் ஆள்காட்டி விரலில் அதற்குச் சான்று இருக்கிறது.

முதல் கடிதத்திலேயே 'முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்' என்று எழுதியிருந்தார். நான் அதைப் பசியின் கணக்காகப் படித்தேன். எட்டு மாதப் பிள்ளையிடம் திமிரா என்று அவர் கேட்டதற்குச் சிரித்த நான், கூலி போதவில்லை என்று சொன்னதும் ஏறக்குறைய அதே புத்திதான்.

மார்ச் 24

"இது லஞ்சம் இல்லையா? தீனி இல்லாவிட்டால் கேட்காது" என்று ஒருவர். லஞ்சமெல்லாம் கிடையாது என்று சூடாக நான்கு பத்தி எழுதினேன். அனுப்புவதற்கு முன், ஆதாரத்துக்காக மிளகோடு பயிற்சி செய்வதைத் தொலைபேசியில் படம் பிடித்தேன். பார்த்துவிட்டு நான்கு பத்தியையும் அழித்துவிட்டேன்.

படத்தில் என் இடது முழங்கை முதலில் பின்னுக்குப் போகிறது. விரல்கள் இடுப்புப் பைக்குள் நுழைகின்றன. அப்போதே மிளகின் பின்பகுதி தரையை நோக்கி இறங்கத் தொடங்கிவிடுகிறது. அதற்கும் பிறகுதான் என் வாயிலிருந்து 'உட்கார்' வருகிறது. அவள் ஆறு வருடமாக என் முழங்கைக்கு உட்கார்ந்துகொண்டிருக்கிறாள்.

சோதித்தேன். கையைப் பைக்குக் கொண்டுபோய், 'வெங்காயம்' என்றேன் (மார்ச் 10 பட்டியல் மனதில் இருந்தது). உட்கார்ந்தாள். இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, 'உட்கார்' என்றேன். தலையைச் சாய்த்து, உடம்பு சரியில்லாதவரைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தாள்.

ஆக முதலில் கை காட்டி, அதைப் பார்த்து நாய் செய்தால் லஞ்சம்தான். அந்த நண்பர் சொன்னது என்னைப் பொறுத்தவரை சரி. முதலில் சொல், பிறகு செயல், அதன் பிறகே கை. இப்போது இப்படிச் செய்கிறேன்: கைகள் அசையாமல் தொங்கும். சொல்கிறேன். காத்திருக்கிறேன். உட்கார்ந்த நொடியில் 'ஆ' என்று ஒரே சத்தம். அதன் பிறகுதான் கை நகரும். அந்த 'ஆ'தான் ரசீது. தீனி ஓரிரு நொடி தாமதித்தாலும் எதற்காக வந்தது என்று அவளுக்குத் தெரியும். கிளிக்கர் (அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் சிறு கைக்கருவி) வைத்திருப்பவர்களுக்கு அந்த 'டிக்' இதே வேலையைச் செய்கிறது. முதல் இரண்டு நாள் அவள் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையைக் கழற்றி அலமாரி மேல் வைத்துவிட்டு, 'ஆ' சொன்னதும் இருவரும் சேர்ந்து அலமாரிக்கு ஓடுகிறோம். என் மூச்சிரைப்பதை அவள் ரசிக்கிறாள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 25

எப்போது தீனியை நிறுத்தலாம்? எனக்கு யாராவது சம்பளத்தை நிறுத்தட்டும், சொல்கிறேன். பாடம் படிந்த பிறகு ஒவ்வொரு முறையும் கொடுக்காமல் மூன்றாவதற்கோ ஐந்தாவதற்கோ முன்கூட்டிச் சொல்லாமல் கொடுக்கலாம். புதுப் பாடத்துக்கு ஒவ்வொரு முறையும் கொடுங்கள்.

ஏப்ரல் 2

கம்பத்தடியை எதிரியாகவே எழுதிவந்தேன். அவனுக்கு அதுதான் வேண்டுமென்றால் அதையே கூலியாகக் கொடுக்கலாமே! 1959இல் பிரிமாக் என்ற உளவியலாளர் சொன்னதும் இதுதான்: ஒரு பிராணி தானாக விரும்பி அதிகம் செய்வதை, குறைவாகச் செய்வதற்குப் பரிசாக்கலாம். கம்பத்துக்குப் பத்தடி முன்னால் நில்லுங்கள். அவன் ஒரு முறை உங்களைத் திரும்பிப் பார்த்தால் 'ஆ', கயிற்றைத் தளர்த்துங்கள், போய் முகரட்டும். கலோரி பூஜ்யம். மிளகிடம் மூன்று நாளாகச் செய்கிறேன். நடை நாற்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரமாகிவிட்டது. அவளுக்கு நிறையப் படிக்க இருக்கிறது.

ஏப்ரல் 19

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். சாலையிலிருந்து அறுபது அடி தள்ளி ஒரு மரத்தடியில் தொடங்கினாராம். முதல் நாள் கோழியை வாங்கிக் கீழே போட்டான், இரண்டாம் நாள் தின்றான். இப்போது இருபத்தைந்து அடி வரை வந்துவிட்டார்கள். லாரி வந்தால் இன்னும் பத்தடி பின்வாங்குகிறார்கள். நேற்று கோழி தீர்ந்துபோய், சட்டைப் பையில் கிடந்த பழைய பிஸ்கட்டை உடைத்துக் கொடுத்தாராம். தின்றுவிட்டு, தூளையும் தேடினானாம்.

எங்கள் வீட்டு நிலவரம்: 'வெங்காயம்' வேடிக்கையைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் செய்து காட்டினேன், கைகளைக் கட்டிக்கொண்டுதான். நாற்பது ஐம்பது முறை ஆகியிருக்கும். இன்று மாலை சமையலறையிலிருந்து, "வெங்காயம் தீர்ந்துவிட்டதா?" என்று குரல் வந்தது. கூடத்தில் போய்க்கொண்டிருந்த மிளகு நின்றாள், நிலைப்படியில் பதவிசாக உட்கார்ந்தாள், சமையலறையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். 'ஆ' என்று சொல்லிவிட்டு அலமாரிக்கு ஓடினேன்.

பையில் கேரட்தான் இருந்தது. வாங்கிக்கொண்டாள்.